எட்டுப் பல்லும் பதினான்கு நாளும்

டொக்டர் ஹெக்டரின் கடிதத்தைக் கதிர்காமநாதன் டொக்டர் மூன்று தரம் வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"பாலேஸ்வரி, இதைப் பாரும். எனக்குத்தான் விளங்கேல்லையோ தெரியாது."

விளங்காமல் போக அதில் ஒன்றுமில்லை. ஹப்ஸா என்ற பெண்ணின் முழங்கால் வீக்கத்துக்கு அவளுடைய வாயிலுள்ள நஞ்சுதான் காரணம். கம்பி கட்டியிருக்கும் மேல்வரிசை முன்பல் எட்டையும் உடனே பிடுங்கிவிடவும். இவ்வளவுதான். கீழே ஒரு கையொப்பம், பேனை முனை கடதாசியைக் கிழித்துவிடும்போல அழுத்தி வைத்திருந்தது.

அது 1938ஆம் ஆண்டு. பெரிய டொக்டர்மார் பலருக்கு அப்போது இதே எண்ணம்தான். கை நொந்தாலும் பல், கால் நொந்தாலும் பல், சும்மா சோர்ந்து கிடந்தாலும் பல். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வைத்தியம் என்று நான் சொல்வேன். ஆனால் நான் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்? வெள்ளவத்தையில் காலி வீதிப் புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த பல் வைத்தியரின் உதவியாள் நான். வயது முப்பத்தைந்து, கலியாணமில்லை, வாய் கொஞ்சம் நீளம். டொக்டர் ஹெக்டர் கொள்ளுப்பிட்டியில் வாசலில் கார்கள் வரிசையாக நிற்கிற பறங்கி டொக்டர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஹப்ஸாவுக்குப் பத்தொன்பது வயது. தகப்பன் பலீல் முதலாளிக்குப் புறக்கோட்டையில் கண்ணாடிப் பாத்திரக் கடை, வீடு கொட்டாஞ்சேனையில். தமையன்மாரும், அவர்கள் பேச்சில் நானாமார், அங்கேதான். அந்த வீட்டின் உள்ளறையில் இருந்துதான் அவள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தாள். அவளுடைய மேல்பல் முன்னால் தள்ளியிருந்தது. அரபில் சில எழுத்துகளுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் விளிம்பில் சரியாகப் படவேண்டுமாம். இவளுக்கு அங்கே காற்றுத்தான் சீறிக்கொண்டு போனது. முதல்நாள் வந்தபோது முக்காட்டை வாய்க்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவளே சொன்னாள்: "வடிவுக்கு இல்ல டொக்டர். எழுத்து சரியா வரணும்."

எங்கள் டொக்டர் லண்டனில் படித்துவிட்டு வந்தவர். பல்லுக்குத் தங்கப் பட்டை போட்டு, கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கிற வித்தை தெரிந்தவர். அப்படி அவர் கம்பி கட்டியவர்கள் அன்றைக்கு மொத்தம் நாலே பேர். பத்து மாதத்தில் ஹப்ஸாவின் பல் பாதிக்கு மேல் உள்ளே வந்துவிட்டது, எழுத்துகளும் வந்துவிட்டன. ஆனால் கம்பிக்குள் அழுக்குத் தங்கி, பல்லைப் பிடித்திருக்கிற முரசு வீங்கிச் சிவந்துபோனது. தொட்டால் இரத்தம். அந்த நேரம் பார்த்து முழங்காலும் நொந்து தொலைத்தது. ஒருநாளைக்கு நாலு மணித்தியாலம் சீமெந்துத் தரையில் மடித்து உட்கார்ந்தால் எந்த முழங்கால் நோகாது? அதை ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் டொக்டர் ஹெக்டருக்கு டெலிபோன் எடுத்தார். இங்கிலீஷில் முதலில் கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார், பிறகு திரும்பவும் கெஞ்சினார். வைத்துவிட்டுத் திரும்பியபோது நெற்றி வேர்த்திருந்தது.

"பதினாலு நாள் தந்திருக்கிறார். பதினாலாம் நாள் தானே பார்ப்பாராம். முரசு ஆறாட்டில் எட்டுப் பல்லும் போகும். நான் பிடுங்காட்டில் வேற ஆளைக் கொண்டு பிடுங்குவிப்பாராம்."

"பல்லுப் போனால் அந்தப் பிள்ளை என்னெண்டு ஓதுறது?"

"பொய்ப்பல் கட்டலாம்."

"பொய்ப்பல்லோட அந்த எழுத்துகள் வருமோ?"

அவர் கடிதத்தை மடித்து மேசைக்குள் வைத்தார். கருவிகளைக் கொதிதண்ணீரில் போடச் சொன்னார்.

அடுத்தநாள் பலீல் முதலாளி திரை போட்ட காரில் மகளையும் மனைவி நஸீறாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். நோம்பு தொடங்கி ஐந்தாம் நாள். முதலாளி தூண்போல உயரமான மனிதர், அளந்து அளந்து பேசுவார். மகளோடு பேசும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

டொக்டர் ஒன்றரை மணித்தியாலம் பல்லில் படிந்திருந்த காறையைச் சுரண்டினார். ஒரு சொட்டுக்கூட விழுங்கிவிடக் கூடாது என்று ஹப்ஸா நிமிடத்துக்கு ஒருதரம் எழும்பித் துப்பினாள். பிறகு அவர் பல் துலக்குகிற மென்மையான பிறஸ் ஒன்றைக் கையில் எடுத்து, கம்பிக்கு மேலே எப்படி, கீழே எப்படி, முரசு ஓரத்தில் எப்படி என்று காட்டினார். பட்டுநூலைக் கம்பிக்குக் கீழால் நுழைத்து இரண்டு பல்லுக்கும் நடுவே இழுக்கக் காட்டினார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொன்னார்.

"இரத்தம் வருதெண்டு பயந்து கையை எடுத்திடாதையும் பிள்ளை. துலக்கிறதால இரத்தம் வரேல்லை. துலக்காததாலதான் வருது. நோம்பு திறந்த பிறகு ஒருக்கா, படுக்க முன்னம் ஒருக்கா, விடிய முன்னம் சஹர் சாப்பிட்ட பிறகு ஒருக்கா. பகலில சாப்பாடு இல்லைத்தானே?"

"இல்ல டொக்டர். தொழ முன்னுக்கு ஒளு எடுக்கக்குள்ள வாய் கொப்பளிப்பம். அவ்வளவுதான்."

"அது நல்லது. அது போதும்."

தினமும் மகளை வெள்ளவத்தைக்குக் கொண்டுவர நோம்புக்காலத்தில் இயலாது என்றார் முதலாளி. ஆண் டொக்டர் அந்த வீட்டு உள்ளறைக்குப் போகவும் இயலாது. ஆகவே நான் போவதென்று முடிவாயிற்று. கோட்டை வரை ரயில், அங்கிருந்து ட்ராம், பிறகு நடை. தினமும் பின்னேரம் மூன்று மணிக்கு நான் கொட்டாஞ்சேனையில் நிற்பேன். நஸீறாவை அவர்கள் வழக்கப்படி, அக்கா முறையில், ராத்தா என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். நுரைக்கிற மருந்துத் தண்ணீரால் முரசைத் துடைத்து, ஐடின் தடவி, மெல்லிய கருவியால் ஒவ்வொரு பல்லிலும் இரண்டு பக்கம் தொட்டு, எத்தனை இடத்தில் இரத்தம் கசிகிறது என்று கொப்பியில் எழுதவேண்டும். எட்டுப் பல், பதினாறு இடம்.

முதல் நாள் பதினாறிலும் இரத்தம். மூன்றாம் நாள் பதினொன்று. ஐந்தாம் நாள் ஏழு. ஆறாம் நாள் ஐந்து. அன்றைக்கு வெள்ளவத்தைக்குத் திரும்பிக் கொப்பியைக் காட்டியபோது, சிரிக்கத் தெரியாத எங்கள் டொக்டர் சிரித்தார். ஹெக்டரின் மூஞ்சியைப் பார்க்க வேணும் என்றார். எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து கண் வைத்துவிட்டோம்போல.

ஏழாம் நாள் ஏழு. சரி, ஒருநாள் அப்படி இப்படி இருக்கும் என்று விட்டேன். எட்டாம் நாள் பதினொன்று. முரசு திரும்ப ஊதி, கம்பிக்கு மேல் எட்டிப் பார்த்தது.

"துலக்கிறீங்கள்தானே?" என்று கேட்டேன்.

"சொன்ன மாதிரி மூணு தரமும் செய்றேன் மிஸ்." கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

டொக்டர் அன்றிரவு என்னைத்தான் பிடித்தார். கருவியைக் கொதிக்க வைத்தீரா, மருந்து பழையதா, கையைக் கழுவினீரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷம் அவரிடம் வேலை செய்கிறேன். மழையில் நனைந்து கொழும்பின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடுகிறவள் நான், கேள்வியும் எனக்கா? அந்தக் கோபத்தைப் பொத்திக்கொண்டுதான் மறுநாள் போனேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான்.

ஒன்பதாம் நாள். ஜன்னலுக்கு நேரே ஹப்ஸாவை உட்கார வைத்து மேலுதட்டைத் தூக்கினேன். இடதுபக்கத்து மூன்றாம் பல்லில், கம்பிக்குக் கீழே, வெள்ளையாக ஒரு தேங்காய்ப்பூத் துணுக்கு. அதோடு ஒட்டிக்கொண்டு மிளகாய்த் தோல். பச்சை வெங்காய மணம் குப்பென்று வந்தது. சஹருக்குச் சாப்பிட்டது பின்னேரம் மூன்று மணிக்கு இப்படி ஈரமாக இருக்காது. பாணும் சம்பலும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம்கூட ஆகியிராது.

கள்ளி! நோம்பென்று எங்களுக்கும் கதை, வீட்டுக்கும் கதை. தின்பது, வாயைக் கழுவாமல் இருப்பது, பேச்சு வாங்குவது நான்!

"பிள்ளை, மத்தியானம் சம்பல் சாப்பிட்டனீங்கள் என்ன?"

மெதுவாகக் கேட்டிருக்கலாம். எனக்கு மெதுவாகப் பேச வராது. கதவு திறந்திருக்க, உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். கூடத்தில் பலீல் முதலாளி ஓதிக்கொண்டிருந்தார். அந்த ஓதல் பாதி வசனத்தில் நின்றது.

ஹப்ஸாவின் முகத்தில் இரத்தமே இல்லை. நஸீறா ராத்தா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். கூடத்தில் ஒரு இருமல் கேட்டது. பிறகு நாற்காலியை அரக்கி நகர்த்துகிற சத்தம், செருப்புச் சத்தம், தெருக்கதவு சாத்துகிற சத்தம். முதலாளி வெளியே போய்விட்டார்.

ஹப்ஸா என் கையைத் தட்டிவிட்டாள். வாயை மூடினாள். முக்காட்டை முகம் முழுக்க இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

ராத்தா என்னைக் குசினிக்கு இழுத்துக்கொண்டு போனார். அடுப்பில் நோம்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய குரல் அதைவிடச் சின்னதாக இருந்தது.

"தங்கச்சி, ஒங்களுக்குமா வெளங்கல்ல? நீங்களும் பொம்பள தானே! மகளுக்கு இப்ப நோம்பில்ல. அந்த நாள்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எப்படி இது எனக்குத் தோன்றாமல் போனது? காரணம் இருக்கிறது. நான் இருந்த வீடு வெள்ளவத்தையில் தமையனின் வீடு. அங்கே அந்த நாள் வந்தால் பின்விறாந்தையில் எனக்கு வேறு பாய், வேறு கோப்பை. சாமியறைப் பக்கம் போகக்கூடாது. கிணற்றடியில் உலருகிற என் பாயைப் பார்த்தே பால்காரனுக்கும் விஷயம் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்கு அந்த நாள் வந்தால் அது ஊருக்குத் தெரியும் என்றுதான் எனக்குப் பழக்கம். மறைக்கிற வீடும் உண்டென்று என் புத்தியில் ஏறவே இல்லை.

இந்த வீட்டில் தலைகீழ். நோம்பும் தொழுகையும் அந்த நாளில் இல்லை, விட்ட நோம்பை வேறு நாளில் பிடித்துக் கொடுக்கவேண்டும். ஆனால் ஆண்களுக்குத் தெரியக் கூடாது. சஹருக்கு எல்லோரோடும் எழும்பவேண்டும், நோம்பு திறக்கும்போது எல்லோரோடும் உட்காரவேண்டும். நடுவில் பசித்தால் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு வாய்.

"திண்டுபோட்டு வாய் கழுவ வேண்டாமோ ராத்தா?"

"எங்க கழுவுற? பைப் ஈக்கிறது நடுமுத்தத்துல. கூடத்துல வாப்பாவும் நானாமாரும். பகல் லுஹர் தொழுகைக்குப் பொறகு நோம்பாளி பல்லு துலக்குறதில்ல எங்கட வீட்டுல. அவ பிறஸ்ஸ எடுத்துக்கிட்டு முத்தத்துக்குப் போனா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். தொழுகையும் இல்லாததால ஒளுவும் இல்ல. ராவைக்கும் அவளுக்குத் துலக்கப் பயம். மத்தநேரத்தைவிட அந்த நாள்ல முரசுல கூடுதலா இரத்தம் வருது. நாலு பேர் முன்னால துப்ப வெக்கம்."

ஒருநாளைக்கு ஐந்து தரம் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த பிள்ளை ஏழாம் நாளிலிருந்து ஒருதரமும் கொப்பளிக்கவில்லை. கம்பி நிறையச் சாப்பாடு. முரசு வீங்காமல் என்ன செய்யும்?

அன்றைக்குப் பன்னிரண்டு என்று எழுதினேன். உண்மையில் எண்ண விடவில்லை. கை தட்டிவிடுவதற்கு முன் பார்த்த அளவில் எழுதினேன்.

வெள்ளவத்தையில் டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு அதைச் சுவரில் எறிந்தார். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவர் நேரே டெலிபோனை எடுத்து, பிள்ளை களவாகச் சாப்பிட்டாள், எங்கள் வைத்தியத்தில் பிழையில்லை என்று ஹெக்டருக்குச் சொல்வார். அது முதலாளியின் காதுக்குப் போகும். ஒருதரம் நான் உடைத்தது போதும். "நான்தான் சரியாகப் பார்க்கேல்லை டொக்டர்" என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல்தரம். அவர் நம்பிவிட்டார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பத்தாம் நாள் ஹப்ஸா அறையை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

"மிஸ்ஸப் போகச் சொல்லுங்க உம்மா. பல்லு போனா போகட்டும்."

கூடத்தில் ஒருவரும் இல்லை. கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"ஹப்ஸா, பிழை என்னில. என்ர வாயில பிழை. நுணலும் தன் வாயால் கெடும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம், அந்த நுணல் நான்தான்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"எங்கட வீட்டில என்னைப் பின்விறாந்தையில இருத்திப்போட்டு ஊருக்கே கொடி பிடிப்பினம். பால்காரன் கேற்றுக்கு வெளியிலயே நிண்டு, 'இண்டைக்கு நீங்கள் எழும்பாதேங்கோ அக்கா' எண்டு சொல்லிப்போட்டுப் போவான். வெக்கத்தில சாகலாம்போல இருக்கும். அப்பிடிப் பழகினவள் உங்கட வீட்டில கேக்கக் கூடாததைக் கேட்டுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நாலு நாள்தான் இருக்கு. என்னில கோபமெண்டால் பதினைஞ்சாம் நாள் கோபிக்கலாம்."

காலடி கதவுக்குக் கிட்ட வந்தது. பிறகு, "பால்காரன் அப்படியா சொன்னான்?" என்றொரு குரல்.

"ஓம். இப்பவும் சொல்லுறவன்."

தாழ்ப்பாள் கழன்றது.

அன்றைக்கே ஏற்பாட்டை மாற்றினோம். ராத்தா வெற்றிலை துப்புகிற பித்தளைப் படிக்கத்தை அறைக்குள் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தார். வெந்நீர் ஒரு கூசாவில். குசினிக்குப் பின்னால் நின்று சாப்பிடுவதை விட்டு அறைக்குள்ளேயே சாப்பாடு, அங்கேயே பிறஸ், அங்கேயே நூல், அங்கேயே உப்புத் தண்ணீர். படிக்கத்தைத் துணியால் மூடி ராத்தாவே ஊற்றுவார். நான் மத்தியானமே வந்து, இரத்தம் கசிகிற ஒவ்வொரு இடத்திலும் அவள் கையைப் பிடித்துப் பிறஸ்ஸை வைத்தேன். நோகும். கண்ணில் தண்ணீர் வரும். "கையை எடுக்காதேங்கோ" என்பேன். எடுக்கமாட்டாள். ஓதல்காரியின் பிடிவாதம் அது.

பதினோராம் நாள் பத்து. பன்னிரண்டாம் நாள் ஆறு. பதின்மூன்றாம் நாள் மூன்று.

அந்த நான்கு நாளும் பலீல் முதலாளி என் கண்ணில் படவே இல்லை. நான் வருகிற நேரத்துக்கு வீட்டில் இருப்பதில்லை. அவருக்கு மகள் மேல் என்ன கோபமோ என்று ராத்தாவைக் கேட்கவும் எனக்குப் பயம்.

பதினான்காம் நாள் பின்னேரம் நாலரை மணிக்குக் கொள்ளுப்பிட்டி. டொக்டர் ஹெக்டரின் அறையில் அவர், எங்கள் டொக்டர், ஹப்ஸா, நஸீறா ராத்தா, முதலாளி, நான். முதலாளி கதவோரம் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஹெக்டர் பெருத்த உடம்புக்காரர், கோட்டைக் கழற்றிக் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தார். ஹப்ஸாவின் முரசை ஒவ்வொரு இடமாகப் பெருவிரலால் அழுத்தினார். பதினைந்து இடம் இளஞ்சிவப்பாக, இறுக்கமாக இருந்தது. கடைசி இடத்தில், அந்த இடதுபக்கத்து மூன்றாம் பல்லில், ஊசிமுனையளவு இரத்தம்.

"கொப்பியைக் காட்டும்" என்றார் இங்கிலீஷில்.

எங்கள் டொக்டர் பெருமையாகத்தான் நீட்டினார். ஹெக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டார். விரல் ஆறாம் நாளைக் கடந்ததும் நின்றது.

"ஐந்து வரை இறங்கியிருக்கிறது. பிறகு ஏழு, பதினொன்று, பன்னிரண்டு. தினமும் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதே ஏறியிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? நஞ்சு கம்பியில் இல்லை, வேரில் இருக்கிறது. இன்றைக்கு இறங்கினாலும் அடுத்த மாதம் திரும்ப ஏறும்." கொப்பியை மேசையில் வைத்தார். "மன்னிக்கவும். பிடுங்கத்தான் வேண்டும்."

கதிர்காமநாதன் டொக்டர் கொப்பியில் அந்த மூன்று வரியையே பார்த்தார். அவருக்கு எங்கே தெரியும்? ஹப்ஸா என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்கிறாளா, சொல்லிக் காப்பாற்று என்கிறாளா, எனக்கு விளங்கவில்லை. தகப்பன் மூன்றடி தள்ளி நிற்கிறார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் முந்திக்கொண்டேன். "சேர், அந்த மூன்று நாளும் நான் போகவில்லை. மழை. வீட்டில் இருந்துகொண்டு எண்ணிக்கையைச் சும்மா எழுதினேன்."

எங்கள் டொக்டரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஹெக்டர் கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினார்.

"மூன்று நாள் பொய்யென்றால் பதினான்கு நாளும் பொய்தான். நேற்றைய மூன்றையும் நான் ஏன் நம்பவேண்டும்?"

காப்பாற்றப் போய் நானே குழியை ஆழமாக வெட்டிவிட்டேன். ஹெக்டர் கடதாசியை எடுத்தார். பேனையை மைக்கூட்டில் தோய்த்தார். நஸீறா ராத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் பேனையைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டார்.

"கொஞ்சம் நில்லுங்க."

கதவோரத்திலிருந்து பலீல் முதலாளி. தமிழில். எங்கள் டொக்டரைப் பார்த்துத்தான் பேசினார்.

"இந்த மிஸ் பொய் சொல்றா. எனக்கும் கடைக்காரன் இங்கிலீஷ் வெளங்கும். எல்லா நாளும் வந்தா. மழையில நனைஞ்சு வந்ததை நான் கண்டேன்." அவர் மகள் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "ஏழாம் நாள்ல இருந்து எங்கட மகளுக்கு நோம்பில்ல. பொம்பளப் புள்ளைகளுக்கு வார நாள். அவ எங்களுக்கு ஒளிச்சுத் தின்டா. தின்ட வாய எங்கட முன்னால கழுவ ஏலாமப் போச்சு. ஒவ்வொரு மாசமும் எனக்குத் தெரியும் டொக்டர். தெரியாத மாதிரி ஈக்கிறதுதான் எங்கட மரியாத. அந்த மரியாதையால எம் புள்ளைட பல்லு போக வேணாம். இத அவருக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க. முழுக்கச் சொல்லுங்க."

ஹப்ஸா குனிந்தபடியே இருந்தாள். எங்கள் டொக்டர் காது வரை சிவந்துபோய், வைத்தியப் புத்தகத்துச் சொற்களாகத் தேடித் தேடி ஹெக்டருக்குச் சொன்னார். அப்படிச் சொல்லும்போதே அவருக்கும் விஷயம் பிடிபட்டது. அந்த நாட்களில் முரசு தானாகவே ஊதும், அதோடு சாப்பாடும் தங்கினால் இப்படித்தான் ஏறும் என்று இடையில் தன்பாட்டில் சேர்த்துக்கொண்டார்.

ஹெக்டர் பேனையைக் கீழே வைத்தார். என்னைக் கேட்டார்.

"பத்தாம் நாளிலிருந்து?"

"அறைக்குள்ளேயே கழுவுகிறாள் சேர். பத்து, ஆறு, மூன்று. இன்றைக்கு நீங்களே பார்த்தீர்கள்."

அவர் திரும்பவும் ஹப்ஸாவின் உதட்டைத் தூக்கி அந்த ஒரு இடத்தைப் பார்த்தார். இரத்தம் நின்றிருந்தது. பிறகு கடதாசியில் எழுதி எங்கள் டொக்டரிடம் கொடுத்தார். பல் இருக்கட்டும், கம்பியும் இருக்கட்டும், ஒரு மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம், இதற்கிடையில் முழங்காலைத் தனியாகக் கவனிக்கவும். தான் பிழை என்று அவர் சொல்லவில்லை. பெரிய டொக்டர்மார் அதைச் சொல்வதில்லை.

பெண்கள் இருவரையும் காரில் ஏற்றிவிட்டு நானும் எங்கள் டொக்டரும் திரும்பினோம். முதலாளி படியில் நின்றுவிட்டார். அவ்வளவு உயரமான மனிதர் சுவரில் கையூன்றிக்கொண்டு நின்றார். மகளுடைய மானத்தை அந்நிய ஆண் இருவருக்கு முன்னால் தன் வாயாலேயே போட்டு உடைத்துவிட்டதாக நினைக்கிறார் என்று அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

"தங்கச்சி, நீங்க அவளோட போங்க. நான் பஸ்ல வாறேன்" என்றார். "அவட முகத்த எப்படிப் பாக்கிற?"

வாய் நீளமென்று பெயரெடுத்தவளுக்கு அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை. மழை தூறத் தொடங்கிற்று. காலி வீதியில் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின.

காரின் திரை விலகியது. ஹப்ஸா முக்காட்டைத் தலையில் மட்டும் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வாயை மூடவில்லை. தெருவென்றும் பார்க்காமல், எங்கள் டொக்டரும் நானும் சாரதியும் கேட்க, உரத்துச் சொன்னாள்.

"வாப்பா, ஏறுங்க. இன்டைக்கு எனக்கு நோம்பு. ஒங்களோட சேந்து தொறக்கணும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார்.